லிஸ்பன் அரியணையும் மயிலாப்பூர்ப் பீடமும்

சென்னை மாநகரில் 1952-ஆம் ஆண்டு வரையில் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களுக்கு இரண்டு தலைமைகள் இருந்தன. ஆர்மேனியன் தெருவிலுள்ள கோயிலைத் தலைமைக் கோயிலாகக் கொண்ட சென்னை மேற்றிராசனம் ஒன்று. சாந்தோம் கடற்கரையிலுள்ள பேராலயத்தைத் தலைமைக் கோயிலாகக் கொண்ட மயிலாப்பூர் மேற்றிராசனம் மற்றொன்று. பிஷப்பு என்று பிறர் கூறுவாரைக் கத்தோலிக்கர் மேற்றிராணியார் என்றும், அவருடைய ஆட்சிப் பரப்பை மேற்றிராசனம் என்றும் வழங்கிவந்தனர். இவ்விரண்டு மேற்றிராசனங்களுக்கும் இடையே மலையுமில்லை, காடுமில்லை. சில மைல் தூரமே இருந்தது. வேதம் ஒன்று, வழிபாடு ஒன்று. இரு சாராரும் பணிந்து நின்ற போப்பாண்டவரும் ஒருவரே. அவ்வாறாயின், ஒரு நகருக்கு இரண்டு மேற்றிராணியார் அமைந்தது எங்ஙனம்?

இவ்வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி சென்னையில் இல்லை. கடல்களுக்கு அப்பால், போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில், 1640-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளில் நிகழ்ந்த ஓர் அரண்மனைக் கிளர்ச்சியில் இருக்கிறது. அக்கிளர்ச்சியின் பின் "போர்த்துக்கல்லின் உண்மையான அரசர் யார்?" என்ற கேள்வி எழுந்தது. ரோமாபுரி அக்கேள்விக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் விடை கூறவில்லை. அந்த மௌனம் நம் சோழமண்டலக் கரையில் என்ன செய்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், லிஸ்பன் அரசருக்கும் மயிலாப்பூருக்கும் உள்ள தொடர்பைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பதினைந்தாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் ஆப்பிரிக்கக் கரையோரமாகக் கடல்வழி தேடத் தொடங்கியபோது, போப்பாண்டவர்கள் அவர்களுக்குச் சில உரிமைகளை ஆணைகள் வாயிலாக வழங்கினர். 1455-இல் ஐந்தாம் நிக்கோலாஸ் விடுத்த ஆணையும், 1456-இல் மூன்றாம் கலிஸ்துஸ் விடுத்த ஆணையும் இவற்றுள் முதன்மையானவை. 1514-இல் போர்த்துக்கல் அரசர் மனுவேல், இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற வெள்ளையானை ஒன்றைப் பத்தாம் லியோ போப்பாண்டவருக்குக் காணிக்கையாக அனுப்பினார். யானை அவர்முன் மண்டியிட்டு வணங்கியதைக் கண்டு ரோமாபுரி வியந்தது. அவ்வாண்டிலேயே போர்த்துக்கல்லின் உரிமைகள் மேலும் உறுதிசெய்யப்பட்டன.

இவ்வுரிமைத் தொகுதிக்குப் போர்த்துக்கேய மொழியில் பதுரவாதோ என்று பெயர். புரவலர் உரிமை என்று நாம் கூறலாம். கீழைநாடுகளில் கோயில் கட்டுவதும், குருமாரைக் கப்பலேற்றி அனுப்புவதும், அவர்தம் செலவைத் தாங்குவதும் அரசரின் கடமை. அதற்குக் கைம்மாறாக, மேற்றிராணியார் பதவிக்கு உரியவரை முன்மொழிவது அரசரின் உரிமை. அரசர் முன்மொழிவார், போப்பாண்டவர் உறுதிசெய்வார். ஆகவே ஒரு மேற்றிராணியார் அமைவதற்கு இரண்டு கைகள் வேண்டும். ஒரு கை பின்வாங்கினாலும் பீடம் வெறுமையாகவே இருக்கும்.

இம்முறைப்படி 1534-இல் கோவா மேற்றிராசனம் நிறுவப்பட்டது. அதன்பின் கொச்சி, கொடுங்கல்லூர் முதலியவை உருவாயின. 1606-ஆம் ஆண்டு ஜனவரியில் ஐந்தாம் பவுல் போப்பாண்டவர் மயிலாப்பூரை மேற்றிராசனமாக்கினார். அதன் பரப்பு வியப்பைத் தருவது: மேற்கே சோழமண்டலக் கரை, வடக்கே வங்காளம், கிழக்கே பெகு. நாம் வாழும் இத்தீவுகளைச் சூழ்ந்து அலைவீசும் கடலின் மூன்று கரைகளும், ஏட்டளவிலேனும், சாந்தோம் கடற்கரையில் அமர்ந்த ஒருவரின் ஆட்சிக்குட்பட்டிருந்தன என்றால் அது மிகையாகாது.

இனி அரியணைப் பிணக்குக்கு வருவோம். அதன் வேர் 1640-க்கு அறுபது ஆண்டு முற்பட்டது. 1578 ஆகஸ்ட் 4-ஆம் நாள், இருபத்துநான்கு வயதினரான போர்த்துக்கல் அரசர் செபஸ்தியான், மொரோக்கோ நாட்டுப் போர்க்களத்தில் மடிந்தார். அவருக்கு மனைவியுமில்லை, மக்களுமில்லை. அவருடைய பாட்டனாரின் தம்பியாகிய ஹென்ரிக் முடிசூடினார். இவரோ கர்தினால், துறவு பூண்ட குரு, வயதோ அறுபத்தாறு. குலம் தழைக்கவேண்டுமாயின் இவர் மணம் புரியவேண்டும். குரு மணம் புரிவதற்குப் போப்பாண்டவரின் விலக்குரிமை வேண்டும்.

அந்த விலக்குரிமையைக் கேட்டு ரோமாபுரிக்குத் தூது சென்றது. ஆனால் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பின் கண் ஏற்கெனவே லிஸ்பன் அரியணைமீது படிந்திருந்தது. கிழவர் பிள்ளையின்றி இறந்தால், மனுவேல் அரசரின் பேரர் என்ற முறையில் முடி தமக்கு வரும் என்பது பிலிப்பின் கணக்கு. ஆதலால் அவருடைய தூதர்கள் ரோமாபுரியில் இவ்வேண்டுகோளை எதிர்த்து நின்றனர். பதின்மூன்றாம் கிரகோரி போப்பாண்டவர் காலம் தாழ்த்தினார். விலக்குரிமை வரவே இல்லை. 1580 ஜனவரி 31-ஆம் நாள் கர்தினால் அரசர் காலமானார். மனுவேலின் பேரப்பிள்ளைகள் மூவர் முடிக்கு உரிமை கோரினர்: பிலிப் ஒருவர், பிரகான்ஸா கோமகளான காத்தரினா ஒருவர், முறைப்படி பிறவாதவர் என்று பழிக்கப்பட்ட அந்தோனியோ ஒருவர். போப்பாண்டவர் சமரசம் செய்ய ஒரு கர்தினாலை அனுப்பினார். பிலிப்போ அவரைக் காத்திருக்கச் செய்துவிட்டுப் படையை அனுப்பினார். 1580 ஆகஸ்ட் 25-ஆம் நாள் லிஸ்பனுக்கருகே நடந்த போரில் அந்தோனியோ தோற்றார். மறு ஆண்டில் தொமார் நகரில் கூடிய நாட்டுப் பேரவை பிலிப்பை அரசராக ஏற்றது.

இங்கே நம் அண்டைநாடாகிய இலங்கையில் நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பிடவேண்டும். கோட்டை இராச்சியத்தின் அரசரான தர்மபாலர் குழந்தையாக இருந்தபோதே, அவருடைய பாட்டனார் புவனேகபாகு அவரது பொற்பாவையை லிஸ்பனுக்கு அனுப்பினார். 1543-இல் அப்பாவைக்கு அங்கே முடிசூட்டு விழா நடந்தது. தர்மபாலர் 1557-இல் கிறிஸ்தவராகித் தொம் ஜுவான் என்ற பெயர் பெற்றார். பிள்ளையில்லாத அவர், 1580 ஆகஸ்ட் 12-ஆம் நாள், தமக்குப் பின் தம் நாடு போர்த்துக்கல் அரசர் ஹென்ரிக்குக்குச் சேரும் என்று உரிமைப்பத்திரம் எழுதிக்கொடுத்தார். ஹென்ரிக் இறந்து அப்போது ஆறு திங்கள் கடந்துவிட்டன! செய்தி கொழும்பை எட்டவில்லை. ஒரு நாட்டை இறந்தவர் பெயருக்கு எழுதிவைத்தாயிற்று. 1597-இல் தர்மபாலர் மறைந்தபோது அந்த நாடு, அவர் எழுதியபோது நினைத்தேயிராத ஸ்பெயின் மன்னருக்குச் சொத்தாயிற்று. ஐரோப்பாவின் அரியணைப் பிணக்குகள் நம் கரைகளுக்கு எத்துணைத் தாமதமாக வந்தன என்பதற்கும், தாமதமாக வந்தாலும் எத்துணை வலிமையோடு வந்தன என்பதற்கும் இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அறுபது ஆண்டுகள் போர்த்துக்கல்லும் ஸ்பெயினும் ஒரே மன்னரின்கீழ் இருந்தன. ஸ்பெயினின் பகைவர்களெல்லாம் போர்த்துக்கல்லுக்கும் பகைவராயினர். டச்சுக்காரர் கீழைக்கடலில் போர்த்துக்கேயக் கோட்டைகளை ஒவ்வொன்றாகத் தாக்கினர். வரிச்சுமை ஏறியது, மனக்கசப்பு முற்றியது. 1640 டிசம்பர் முதல் நாள் காலையில் பிரபுக்கள் சிலர் லிஸ்பன் அரண்மனையுள் புகுந்து, ஸ்பெயினுக்காக ஆட்சிபுரிந்த அமைச்சர் வாஸ்கொன்செலோஸைக் கொன்று சாளரத்தின் வழியே வீதியில் எறிந்தனர். பிரகான்ஸா கோமகனை நான்காம் ஜுவான் என்ற பெயரால் அரசராக்கினர். இவர் வேறு யாருமல்லர். அறுபது ஆண்டுக்கு முன் உரிமை கோரித் தோற்ற காத்தரினாவின் பேரரே.

மக்கள் அவரை ஏற்றனர். கோவாவும் பிற கீழைக்கோட்டைகளும் செய்தி வந்ததும் அவர்பால் சேர்ந்தன. பிரான்சும் இங்கிலாந்தும் அவருடன் உடன்படிக்கை செய்தன. ஆனால் ஒரு கத்தோலிக்க மன்னருக்கு இன்றியமையாத ஓர் ஏற்பு எஞ்சியிருந்தது. அது போப்பாண்டவரின் ஏற்பு.

லாமேகோ நகர மேற்றிராணியார், புதிய அரசரின் தூதராக 1641-இல் ரோமாபுரியை அடைந்தார். எட்டாம் அர்பன் போப்பாண்டவர் அவரைத் தூதர் என்ற முறையில் வரவேற்கவில்லை. வரவேற்றால், ஜுவான் அரசர் என்பதை ஒப்புக்கொண்டதாகும். ஸ்பெயின் தூதரோ, அவரை வரவேற்றால் தாம் வெளியேறுவதாக அச்சுறுத்தினார். 1642 ஆகஸ்டில் இரு தூதரின் ஆட்களும் ரோமாபுரித் தெருவில் எதிர்ப்பட்டனர். துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் பலியாயின. அவ்வாண்டின் இறுதியில் லாமேகோ மேற்றிராணியார் வெறுங்கையுடன் திரும்பினார்.

போப்பாண்டவரின் இக்கட்டை நாம் நடுநிலையோடு எண்ணிப்பார்க்கவேண்டும். அவர் வெறும் சமயத் தலைவர் மட்டுமல்லர். இத்தாலியின் நடுவே ஒரு நாட்டையும் ஆண்டவர். அந்நாட்டுக்குத் தெற்கே நேப்பிள்ஸ், வடக்கே மிலான். இரண்டும் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தன. ஐரோப்பாவிலோ முப்பதாண்டுப் போர் இன்னும் ஓயவில்லை. ஜுவானை ஏற்றால் ஸ்பெயினின் பகை. மறுத்தால் கத்தோலிக்க நாடொன்றின் மனமுறிவு. ஆகவே அர்பனும், அவருக்குப்பின் வந்த பத்தாம் இன்னோசென்டும், ஏழாம் அலெக்சாந்தரும் ஏற்கவுமில்லை, வெளிப்படையாக மறுக்கவுமில்லை.

இம்மௌனத்தின் இடர் மேற்றிராணியார் நியமனத்தில்தான் முதலில் வெளிப்பட்டது. ஒரு மேற்றிராணியார் இறக்கிறார். ஜுவான் அரசர் ஒருவரை முன்மொழிகிறார். "அரசரின் முன்மொழிவை ஏற்று நியமிக்கின்றோம்" என்று ரோமாபுரி எழுதினால், ஜுவானை அரசர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒரு சமாதான வழியாக, அரசர் பெயரைக் குறிப்பிடாமல் போப்பாண்டவர் தம் விருப்பாகவே நியமிக்கலாம் என்று ரோமாபுரி கூறிப்பார்த்தது. லிஸ்பன் அதற்கு இணங்கவில்லை. அதற்கு இணங்கினால், நூறாண்டுக்கு மேலாகப் போற்றிவந்த பதுரவாதோ உரிமையைத் தம் கையாலேயே கிழித்தெறிந்ததாகும் என்று அஞ்சினர். ஒரு சொற்றொடரை எழுதுவதா, விடுவதா என்ற வழக்கில் பீடங்கள் வெறுமையாயின.

இந்தியாவில் அவை வெறுமையான வரிசையைப் பாருங்கள். மயிலாப்பூர் மேற்றிராணியார் கிளர்ச்சிக்கு மூன்றாண்டு முன்பே, 1637-இல் காலமாகியிருந்தார். அவ்விடம் நிரம்புவதற்குள் கிளர்ச்சி வந்துவிட்டது. கொச்சி மேற்றிராணியார் 1646-இல் மறைந்தார். கோவா அதிமேற்றிராணியார் 1652-இல் மறைந்தார். கொடுங்கல்லூர் அதிமேற்றிராணியார் 1659-இல் மறைந்தார். அதன்பின் இந்தியாவில் பதுரவாதோவைச் சார்ந்த நான்கு பீடங்களிலும் மேற்றிராணியார் ஒருவரும் இல்லை.

இது பதவி வேட்டைக்காரருக்கு மட்டும் உரிய கவலையன்று. கத்தோலிக்க முறைப்படி, மேற்றிராணியார் கைவைத்துத் திருநிலைப்படுத்தினாலன்றி ஒருவர் குருவாக முடியாது. குருக்களுக்குள் வழக்கு எழுந்தால் தீர்ப்பவர் அவர். ஓர் ஊருக்கு இன்ன குருவே உரியவர் என்று அதிகாரம் வழங்குபவரும் அவரே. அவர் இல்லாதபோது, ஆட்சிக்குருக்கள் தற்காலிகமாக நிருவாகம் செய்வர். ஆனால் தற்காலிகம் என்பது அரை நூற்றாண்டு நீடித்தால்? தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளித்த பரதவரும், மயிலாப்பூரில் நெசவும் வணிகமும் செய்தவரும், லிஸ்பனில் யார் அமர்ந்திருக்கிறார் என்று அறியமாட்டார். தம் திருமணத்தை நடத்திவைத்த குருவுக்கு அவ்வதிகாரம் உண்டா என்ற ஐயம் மட்டும் அவர்தம் வீட்டு வாயில்வரை வந்தது.

வெற்றிடம் நெடுநாள் வெற்றிடமாக இருப்பதில்லை. ரோமாபுரிக்கு வேறொரு கருவி ஆயத்தமாக இருந்தது. 1622-இல் பதினைந்தாம் கிரகோரி போப்பாண்டவர் விசுவாசப் பரப்புதலுக்கென ஒரு திருச்சங்கத்தை நிறுவியிருந்தார். புரொப்பகாந்தா என்று அது பெயர்பெற்றது. மன்னர்களின் தயவை எதிர்பாராமல், ரோமாபுரியே நேராகத் தொண்டரை அனுப்பவேண்டும் என்பது அதன் நோக்கம். பழைய மேற்றிராசனங்களின் உரிமையோடு மோதாமலிருக்க, அது ஒரு சாதுரியமான ஏற்பாட்டைக் கையாண்டது. அழிந்துபோன ஏதோ ஒரு பழைய நகரின் பெயரால் ஒருவரை மேற்றிராணியாராக்கி, போப்பாண்டவரின் பிரதிநிதியாக இங்கே அனுப்புவது. அவருக்கு அரசரின் முன்மொழிவு வேண்டாம். லிஸ்பன் கப்பலும் வேண்டாம்.

அவ்வாறு வந்தவருள் முதல்வர் ஓர் இந்தியரே என்பது நினைக்கத்தக்கது. கோவாவை அடுத்த திவார் தீவினரான மத்தேயு தெ காஸ்திரோ, போர்த்துக்கேய அதிமேற்றிராணியாரால் குருப்பட்டம் மறுக்கப்பட்டு, ரோமாபுரிக்குச் சென்று குருவாகி, 1637-இல் மேற்றிராணியாராகவும் உயர்த்தப்பட்டுப் பீஜப்பூர் நாட்டுக்குப் பிரதிநிதியாக அனுப்பப்பட்டார். கோவாவில் அவருக்குக் கிட்டியது வரவேற்பன்று, எதிர்ப்பே. பின்னர், 1658-இல் நியமனம் பெற்ற பிரெஞ்சு நாட்டுப் பிரதிநிதிகளுள் ஒருவரான லாம்பேர், லிஸ்பனைத் தொடாமலே தரைவழியாகச் சூரத்துக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் வந்து, அங்கிருந்து வங்கக் கடலைக் கடந்து, 1662-இல் சயாம் நாட்டை அடைந்தார்.

சென்னையின் கதை இவ்விடத்தில் தொடங்குகிறது. ஆங்கிலக் கம்பெனியார் 1639-இல் இடம் பெற்று, 1640-இல் புனித ஜார்ஜ் கோட்டையை எழுப்பத் தொடங்கினர். லிஸ்பனில் கிளர்ச்சி நிகழ்ந்ததும் அதே ஆண்டில் என்பதைக் கவனியுங்கள். புதிய ஊருக்குக் குடிகள் வேண்டும். சாந்தோமிலிருந்து போர்த்துக்கேய வழியினர் பலர் கோட்டையருகே குடியேறினர். அவர்களுக்குக் குரு வேண்டும். 1642-இல் பெகு நாட்டுக்குச் செல்லும் வழியில் எப்ரேம் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியார் இங்கே இறங்கினார். குடிகள் அவரை இருக்கும்படி வேண்டினர். ஆங்கிலேயரும் அதனை விரும்பினர். சாந்தோம் குருக்களை நம்பியிருந்தால் குடிகளின் மனம் போர்த்துக்கல்லின்பால் சாயும் என்பது அவர்கள் எண்ணம். புராட்டஸ்டாண்டு கம்பெனியின் கோட்டைக்குள் கத்தோலிக்கக் கோயில் எழுந்தது. ரோமாபுரியின் புரொப்பகாந்தா அவ்விடத்தைத் தன் நேரடிக் கண்காணிப்பில் ஏற்றது.

சாந்தோமிலிருந்தோர் இதனை எங்ஙனம் பொறுப்பர்? அவர்கள் எல்லைக்குள், அவர்கள் அரசர் அனுப்பாத ஒருவர், அவர்கள் மக்களுக்கே குருத்துவம் செய்கிறார்! 1649-இல் எப்ரேம் சாமியார் சாந்தோமுக்கு வந்த சமயத்தில் அவரைப் பிடித்துக் கப்பலேற்றிக் கோவாவிலிருந்த சமய விசாரணை மன்றத்தின் சிறையில் அடைத்தனர். சமயக் கொள்கையில் பிழை கண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. உள்ளே கனன்றது எல்லை வழக்கு. ரோமாபுரியும் ஆங்கிலேயரும் முயன்றனர். கோல்கொண்டாத் தளபதி மீர் ஜும்லாவும் அவருக்காகச் சாந்தோமை நெருக்கினார் என்று, அக்காலத்தில் இந்தியாவில் பயணம் செய்த தவெர்னியே எழுதியிருக்கிறார். 1651-இல் விடுதலை பெற்ற அத்துறவியார், மீண்டும் சென்னைக்கே வந்து நெடுங்காலம் தொண்டு புரிந்தார். ஒரு கத்தோலிக்கத் துறவியைக் கத்தோலிக்கரின் சிறையிலிருந்து மீட்க, ஆங்கிலேயரும் ஒரு முஸ்லிம் தளபதியும் துணைநிற்க நேர்ந்தது. பிணக்கு சமயத்தைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது என்பதற்கு இதுவே போதிய சான்று.

மலையாளக் கரையிலும் இதே நோய் வேறு வடிவில் வெளிப்பட்டது. 1653 ஜனவரியில் மட்டாஞ்சேரியில் தோமா கிறிஸ்தவர்கள் திரண்டு, இயேசு சபையாரின் ஆட்சிக்கு இனி உட்படோம் என்று சூளுரைத்தனர். அங்கே அமைதி காண ரோமாபுரி கார்மேல் சபைத் துறவியரை அனுப்பியது. அவர்களும் போர்த்துக்கல்லின் வழியாக வரவில்லை. அவருள் ஒருவரான செபஸ்தியானி மேற்றிராணியாராகத் திரும்பிவந்து, 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்து அவரை வெளியேற ஆணையிட்டபோது, அந்நாட்டவரான பறம்பில் சாண்டி என்னும் குருவை மேற்றிராணியாராக்கிவிட்டுச் சென்றார்.

இதனிடையே போர்த்துக்கல்லின் கீழைப்பேரரசு தேய்ந்துகொண்டே வந்தது. 1641-இல் மலாக்கா, 1656-இல் கொழும்பு, 1658-இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் தூத்துக்குடியும், 1663-இல் கொச்சி என ஒவ்வொன்றாய் டச்சுக்காரர் வசமாயின. சாந்தோமை 1662-இல் கோல்கொண்டாப் படை கைப்பற்றியது. துணைதேடி அலைந்த லிஸ்பன் அரசு, ஜுவானின் மகள் காத்தரினாவை இங்கிலாந்து மன்னருக்கு மணம் முடித்துப் பம்பாய்த் தீவைச் சீதனமாகக் கொடுத்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் காலூன்றியதற்கு இவ்வரியணைப் பிணக்கும் ஒரு படியாயிற்று.

ஈற்றில், 1668 பிப்ரவரியில் லிஸ்பனில் கையொப்பமான உடன்படிக்கையால் ஸ்பெயினே போர்த்துக்கல்லின் தனியரசை ஒப்புக்கொண்டது. அதன்பின் ரோமாபுரியும் ஒப்புக்கொண்டது. பகைவன் ஏற்றபின் தந்தை ஏற்றதுபோல் ஆயிற்று அந்நிகழ்ச்சி. ஜுவான் அரசர் 1656-இலேயே இறந்துபோயிருந்தார். கோவாவுக்கு 1671-இல் அதிமேற்றிராணியார் நியமிக்கப்பட்டார். மயிலாப்பூருக்கோ 1690-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில்தான் மேற்றிராணியார் வந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெறுமையாயிருந்த அப்பீடத்தில் அவர் அமர்ந்தபோது, பக்கத்துச் சென்னையில் கப்புச்சின் துறவியர் மூன்று தலைமுறைக் குடிகளுக்குக் குருக்களாக வேரூன்றியிருந்தனர். பழைய உரிமை ஒருபுறம், புதிய உடைமை ஒருபுறம். ஒன்றை ஒன்று விலக்க இயலவில்லை.

அக்காலத்தில் உண்மையாக மக்களின் குறை தீர்த்தவர் யாரென்று கேட்டால், அரசரையோ தூதரையோ காட்ட இயலாது. டச்சுக்காரர் குருக்களைத் தடைசெய்திருந்த யாழ்ப்பாணத்துக்கு 1687-இல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் முனிவர் கூலியாள் வேடத்தில் வந்திறங்கினார். தமிழைக் கற்று, மறைந்து மறைந்து குடிகளைச் சந்தித்து, பின்னர் கண்டிக்குச் சென்று 1711-இல் அங்கேயே உயிர்நீத்தார். 2015-இல் போப்பாண்டவர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரைப்போல் இந்நாட்டுக் குருக்கள் ஆயத்தமாக இருந்தும், அவர்களுள் ஒருவரை வெறும்பீடத்தில் அமர்த்தலாம் என்று பெரும்பாலும் இரு தரப்பாருக்கும் தோன்றவில்லை. தமிழரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை தூத்துக்குடி மேற்றிராணியாரானது 1923-இல்தான்.

இவ்வரலாற்றுக்கு ஒரு பிற்சேர்க்கையும் உண்டு. 1828-இல் லிஸ்பனில் மீண்டும் ஓர் அரியணைப் பிணக்கு மூண்டது. மிகுவேல் என்பார் தம் அண்ணன் மகளாகிய மரியாவின் முடியைக் கைப்பற்றினார். 1831-இல் பதினாறாம் கிரகோரி போப்பாண்டவர் ஓர் அரிய ஆணையை வெளியிட்டார். நாட்டில் உண்மையில் ஆட்சி செலுத்துவோருடன், மக்களின் ஆன்ம நலத்துக்காகத் திருச்சபை தொடர்பு கொள்ளும். அதனால் அவருக்கு அரசுரிமை உண்டென்று தீர்ப்பளித்ததாகாது என்பது அதன் கருத்து. நூற்றுத்தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இக்கொள்கை வகுக்கப்பட்டிருந்தால் மயிலாப்பூர்ப் பீடம் அத்துணைக் காலம் வெறுமையாக இருந்திராது.

ஆனால் அக்கொள்கைப்படி ரோமாபுரி மிகுவேலுடன் தொடர்பு கொண்டதை, மரியாவின் கட்சியார் பகைச் செயலாகவே கருதினர். 1834-இல் அவர்கள் வென்றதும் துறவற மடங்கள் மூடப்பட்டன. ரோமாபுரியுடன் உறவு முறிந்தது. 1838-இல் போப்பாண்டவர் கொச்சி, கொடுங்கல்லூர், மயிலாப்பூர் ஆகியவற்றின் அதிகாரத்தை நீக்கிப் புரொப்பகாந்தாவின் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தார். பதுரவாதோ கட்சியார் அவ்வாணையை ஏற்க மறுத்தனர். ஊருக்கு ஊர் இரு கட்சி, கோயிலுக்குக் கோயில் வழக்கு என்று அரை நூற்றாண்டு கழிந்தது. 1886-இல் ஏற்பட்ட உடன்பாட்டால் மயிலாப்பூர் மேற்றிராசனம் மீண்டும் அமைந்தது; சென்னையும் அதே ஆண்டில் அதிமேற்றிராசனமாக உயர்ந்தது. ஒரு நகருக்கு இரண்டு மேற்றிராணியார் என்ற நிலை சட்டமாகவே ஆயிற்று.

இந்தியா விடுதலை பெற்றபின், அந்நிய நாட்டின் ஆட்சித்தலைவர் சென்னைக்கு மேற்றிராணியாரை முன்மொழிவது எவர்க்கும் பொருந்தாததாயிற்று. 1950 ஜூலையில் போர்த்துக்கல் அவ்வுரிமையைக் கைவிட்டது. 1952 நவம்பரில் இரு மேற்றிராசனங்களும் இணைந்து சென்னை-மயிலாப்பூர் அதிமேற்றிராசனம் உருவாயிற்று. லூயி மத்தியாஸ் ஆண்டகை அதன் முதல் அதிமேற்றிராணியாரானார்.

நேயர்களே, இவ்வரலாற்றில் வரும் போப்பாண்டவர் எவரும் தமிழ்நாட்டுக்குத் தீங்கு கருதியவரல்லர். ஜுவான் அரசரும் அல்லர். ஒருவர் இத்தாலியின் அமைதியைக் காக்க எண்ணினார். மற்றவர் தம் முன்னோர் பெற்ற உரிமையைக் காக்க எண்ணினார். இருவர் எண்ணமும் தத்தம் அளவில் நேர்மையானதே. ஆனால் ஒரு கேள்விக்கு விடை கூறாமல் காலங்கடத்துவதும் ஒருவகை விடையே. அதன் விலையை யாரோ ஒருவர் செலுத்தியே தீரவேண்டும். ரோமாபுரியில் தூதர் காத்திருந்த கூடத்துக்கும் மயிலாப்பூரில் தாய் ஒருத்தி தன் மகனுக்குக் குரு கிட்டாமல் காத்திருந்த திண்ணைக்கும் இடையே நெடுந்தூரம் இருந்தது. முன்னதில் காத்திருந்தோரைப் பற்றி ஏடுகள் நிறைய எழுதியுள்ளன. பின்னதில் காத்திருந்தோரையும் கணக்கில் சேர்த்துப் படித்தால்தான் அரசியல் தூதின் வரலாறு நமக்கு முழுமையாக விளங்கும்.